இறங்கக் கூடாத கோடு

அந்த ஆஸ்பத்திரியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரை பளபளவென்று இருந்தது. ஃபினாயில் வாசனைகூட அளவாக இருந்தது. வாசலில் நுழைந்ததும் ஆள் உயரத்துக்கு ஒரு திரை. அதில் நிறம் நிறமாகக் கோடுகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தன. வருகிறவர்கள் உட்கார்ந்து அதைப் பார்த்து மனம் நிறைய வேண்டும் என்று எதிரே மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டிருந்தார்கள். டாக்டர் எங்கே என்று கேட்டால்தான் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.

என் அக்கா டவுன் பஸ் கண்டக்டர். அன்று காலை டிப்போவில் பஸ் நகரும்போது படியிலிருந்து தவறி, அங்கிருந்த கம்பத்தில் விலா இடித்து விழுந்திருக்கிறாள். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டாள். இரண்டாவது நடையில் முகம் வெளுத்து, சீட்டிலேயே சரிந்துவிட்டாள். டிரைவர் பயணிகளோடு பஸ்ஸை நேராக ஆஸ்பத்திரிக்கு விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் பேக்கரியில் மாவு பிசைந்த கையோடு ஓடினேன். எங்களுக்கு அப்பா அம்மா கிடையாது. எனக்கு அக்கா, அக்காவுக்கு நான், அவ்வளவுதான் குடும்பம்.

வார்டில் அவளுக்குச் செய்த முதல் வைத்தியம், மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையை மாட்டியது. நாடி பார்க்கிற கருவி போல என்று நினைத்தேன்.

"நாடி இல்லங்க," என்றார் நர்ஸ். "உங்க அக்கா இந்த வார்டு வாசல்லருந்து எவ்வளவு தூரத்துல இருக்காங்கன்னு சொல்ற பட்டை."

"இங்கதானே படுத்திருக்கா."

"அதான் இப்ப பூஜ்யம். இனிமே ஏறும் பாருங்க."

வாசலில் பார்த்த திரை இதற்குத்தான். படுக்கைவாட்டில் நேரம், நெட்டுவாட்டில் வார்டு வாசலிலிருந்து தூரம். நோயாளியைத் தள்ளிக்கொண்டு போனால் கோடு ஏறும். வேகமாகப் போனால் செங்குத்தாக ஏறும். நின்றுவிட்டால் கோடும் படுத்துவிடும். பள்ளிக்கூடத்தில் பௌதிகப் பாடத்தில் இதை எனக்கும் நடத்தினார்கள். நான் கோட்டை மட்டும் அழகாகப் போட்டுவிட்டு, அது என்ன சொல்கிறது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட்டு வந்தவன். என்னைப் போன்றவர்கள் பிற்காலத்தில் ஆஸ்பத்திரி நடத்துவார்கள் என்று அப்போது யாரும் எச்சரிக்கவில்லை.

ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் தலை நரைத்த ஒல்லி மனிதர்; எல்லோரும் அவரை ரயில் என்று கூப்பிட்டார்கள். ஸ்கேன் அறை அதே தளத்தில், நீண்ட நடைகூடத்தில் வெகுதூரம் தள்ளி, பின்கட்டிடத்தில் இருந்தது. ரயில் பறந்தார். நான் பின்னால் ஓட வேண்டியிருந்தது.

"அண்ணே, நான் டிக்கெட் எடுக்கலையே," என்றாள் அக்கா, படுத்தபடி.

"ஸ்டாஃப்புக்கு ஃப்ரீதான்மா," என்றார் ரயில், மூச்சு வாங்காமல்.

ஸ்கேன் அறை வாசலில் ஆறேழு ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக இருந்தன. அதைப் பார்த்ததும் ரயில் சட்டென்று வேகத்தைக் குறைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக, விரல்கடை விரல்கடையாக ஸ்ட்ரெச்சரை நகர்த்த ஆரம்பித்தார். வரிசையில் இருந்த மற்றவர்களும் அப்படியேதான் ஊர்ந்துகொண்டிருந்தார்கள். வரிசையில் நிற்க வேண்டிய நேரத்தை யாரும் நிற்காமல் கழித்துக்கொண்டிருந்தார்கள்.

"நின்னா கோடு படுத்துடும் தம்பி," என்று ரயில் விளக்கினார். "படுத்தா என்னையக் கூப்பிட்டுக் கேப்பாங்க. மெதுவாப் போகலாம். நிக்கத்தான் கூடாது."

இதுவரைக்கும் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அக்காவும் சிரிக்கப் பார்த்து, விலாவைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்கேன் பார்த்த பெண் டாக்டர் வெளியே வந்தபோது அவர் முகத்தில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை. "மண்ணீரல் கிழிஞ்சிருக்கு. உள்ளுக்குள்ள ரத்தம் போயிட்டே இருக்கு. உடனே ஆபரேஷன் பண்ணணும். சர்ஜன்கிட்ட சொல்லிட்டேன், தியேட்டர்ல தயாரா இருக்கார். உக்கார வைக்காதீங்க, தூக்காதீங்க, இப்படியே தள்ளிட்டு ஓடுங்க. நேரத்துக்குப் போனா பொழைச்சுடுவாங்க."

தியேட்டர் எங்கே என்று கேட்டேன். நாங்கள் புறப்பட்டு வந்த வார்டை ஒட்டித்தான் இருந்தது. நான் ரயிலைப் பார்த்தேன். ரயில் கைப்பிடியிலிருந்து கையை எடுத்து, சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

"என்னண்ணே, வாங்க."

"அது திரும்புற பக்கம் தம்பி."

"ஆமா. திரும்பணும்."

"திரும்பினா கோடு இறங்கும்."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னதன் சுருக்கம் இது. முன்பெல்லாம் நோயாளிகளைக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துகொண்டுதான் இருந்தார்கள். கோடுகள் ஏறின, இறங்கின. ஒருநாள் ஆஸ்பத்திரித் தலைவர் திரையைப் பார்த்திருக்கிறார். 'காலையில பூஜ்யத்துல ஆரம்பிக்கிறீங்க, சாயந்திரம் பூஜ்யத்துலயே முடிக்கிறீங்க. அப்ப நாள் பூரா என்னதான் வேலை செஞ்சீங்க?' என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து இந்த ஆஸ்பத்திரியில் எந்தக் கோடும் இறங்கியதில்லை. இறக்கியவர்கள் மூன்று பேர் இப்போது வேலையில் இல்லை.

"அப்ப இங்க வந்தவங்கள்லாம்?"

ரயில் தாடையால் காட்டினார். ஸ்கேன் அறையைத் தாண்டி நடைகூடம் இன்னும் நீண்டது. இரண்டு பக்கமும் சுவரோரமாக ஸ்ட்ரெச்சர்கள். வந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள். பக்கத்தில் பாய் விரித்து உறவினர்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் கம்பியில் துணி காய்ந்தது. ஒரு ஸ்ட்ரெச்சரில் ஆளே இல்லை, நீலப் பட்டை மட்டும் தலையணை மேல் இருந்தது. கால் ஒடிந்து வந்தவராம். அங்கேயே எலும்பு கூடி, பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, நடந்தே வீட்டுக்குப் போய்விட்டார். கணக்குப்படி அவர் இன்னும் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கிறார். வார்டுக்கு ஸ்ட்ரெச்சர் பற்றாமல் போகும்போதெல்லாம் புதிதாக வரவழைத்தார்களே தவிர, இங்கிருந்து ஒன்றைத் திருப்பி எடுத்துப்போக வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினேன். ஸ்ட்ரெச்சரைத் திருப்பி நாலு எட்டு வைத்திருப்பேன், எங்கேயோ மணி அலறியது. காவலாளிகள் இரண்டு பேர் ஓடிவந்து ஒருவர் என்னையும் ஒருவர் ஸ்ட்ரெச்சரையும் பிடித்தார்கள். ஸ்ட்ரெச்சரைப் பிடித்தவர், இறங்கின கோட்டைச் சரிக்கட்ட வேண்டும் என்று, அக்காவைப் பழைய இடத்துக்கும் அப்பால் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோய் விட்டார். பட்டையை அறுத்து எறிகிறேன் என்று கத்தினேன். பட்டை இல்லாதவர்களைத் தியேட்டரில் நோயாளியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார் ரயில். வரைபடப் பிரிவில் போய்க் கேளுங்கள் என்றார்.

"என்னடா தகராறு?" என்றாள் அக்கா. சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"நான் தினமும் பஸ்ஸைக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டாந்து விடுறேன். போன பஸ் திரும்பலன்னா எவன்டா சும்மா விடுவான்?" என்றவள், கொஞ்சம் பொறுத்து, "குளிருதுடா," என்றாள். பெண் டாக்டர் தானே ஒரு போர்வையைக் கொண்டுவந்து போர்த்தி, சலைன் பாட்டிலை மாட்டிவிட்டு, என்னைப் பார்த்து, "நான் போன்ல சண்டை போட்டுட்டேன். நீங்க நேர்ல போங்க, சீக்கிரம்," என்றார்.

வரைபட அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். கணினியில் அக்காவின் கோட்டை வரவழைத்து, ஒரு பேனாவின் முனையால் தொடாமல் தொட்டுக் காட்டினார்.

"என்ன அழகா ஏறியிருக்கு பாருங்க. வரிசையிலகூட ஒரு இடத்துல படுக்கல. ரயில் நல்ல வேலைக்காரன். நடுவுல இந்தச் சின்னச் சறுக்கல் மட்டும்..." என்னை ஒரு பார்வை பார்த்தார். "அது நீங்க."

"சார், அவளைத் தியேட்டருக்குக் கொண்டுபோகணும். உள்ளுக்குள்ள ரத்தம் போகுது."

"நான் பள்ளிக்கூடத்துல பௌதிகம் நடத்தினவன் தம்பி. கோடு இறங்கினா ஆள் திரும்பி வர்றான், அவ்வளவுதான் அர்த்தம். அது எனக்குத் தெரியாதா? இதையே பரீட்சையில ஒரு பையன் 'நிலைமை மோசமாகுது'ன்னு எழுதியிருந்தா முட்டை போட்டிருப்பேன்."

"அப்ப அதைத் தலைவர்கிட்ட சொல்லுங்களேன்."

"சொல்லித்தான் எனக்கு முன்னாடி இருந்தவர் போனார்," என்றார் அவர், எந்த வருத்தமும் இல்லாமல். "புரிய வைக்கிறதுக்கு இங்க எனக்குச் சம்பளம் இல்ல. கோட்டைக் காட்டறதுக்குத்தான். வகுப்புல முப்பது வருஷம் புரிய வைக்கத்தான் பாத்தேன். அதுல வராத மரியாதை இதுல வந்துருக்கு."

எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. பிடிக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டேன். அவரும் மனம் இரங்கி ஒரு வழி சொன்னார். தூரத்தை எங்கிருந்து அளக்கிறோம் என்பது நம் இஷ்டம்தானாம். அக்காவுக்கு மட்டும் பூஜ்யத்தை ஸ்கேன் அறை வாசலுக்கு மாற்றிவிட்டால், தியேட்டருக்குப் போவது விலகிப் போவதாகிவிடும். கோடு ஏறும், ரயிலும் தள்ளுவார். அதற்குத் தலைவர் சம்மதிக்க வேண்டும். நாங்கள் தலைவர் அறைக்கு ஓடினோம். சரியாகச் சொன்னால் நான் ஓடினேன், அவர் நடந்தார்.

தலைவர் யாரோ விருந்தாளிகளை அனுப்பிவிட்டுச் சந்தோஷமாக இருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது.

"பூஜ்யமா? இவ்வளவு உயரத்துக்கு ஏறி வந்த ஒரு நோயாளியைத் திரும்பப் பூஜ்யத்துல வைக்கச் சொல்றீங்களா? சொந்த அக்காவை?"

"உயரமே இல்லைங்க. எல்லாம் ஒரே தரை."

"கோடு ஏறியிருக்குல்ல?" என்று அதிகாரியைக் கேட்டார்.

"ஏறியிருக்கு சார்," என்றார் பௌதிகம் நடத்தினவர்.

"அப்புறம் என்ன? தம்பி, நான் இந்த நாற்காலிக்கு வந்தப்ப இந்த ஆஸ்பத்திரி எப்படி இருந்துச்சு தெரியுமா? ஏறுறதும் இறங்குறதும், ஏறுறதும் இறங்குறதும். பாக்கவே அசிங்கமா இருக்கும். இப்ப வெளியிலருந்து வர்றவங்க வாசல்லயே நின்னு வாயப் பொளந்து பாக்குறாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல, எத்தனை பேர் குணமானாங்கன்னு. கேக்கணும்னே தோணாது, அவ்வளவு நல்லா இருக்கு. மேல கொண்டுபோன ஒருத்தரையும் நான் கீழ இறக்கினதில்ல. நாளைக்கு ஒரு நோயாளிக்காக இறக்கினா, எல்லாரும் வீட்டுக்குத் திரும்பணும்னு கேக்க ஆரம்பிச்சுடுவாங்க."

நான் அவர் காலில் விழுந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் பதறிப்போய் என்னைத் தூக்கிவிட்டார். நல்ல மனிதர்தான். அதிகாரியிடம், "எனக்கு இறக்கம் தெரியாம ஏதாவது பண்ண முடிஞ்சா பண்ணுங்க," என்றார்.

அதிகாரி அதை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார். தன் அறைக்கு வந்து கணினியில் கூட்டிக் கழித்துப் பார்த்தார். திரையில் கோட்டுக்கு ஒரு தடிமன் உண்டு. போதுமான அளவு மெதுவாகத் திரும்பினால், இறக்கம் அந்தத் தடிமனுக்குள்ளேயே அடங்கிவிடும். பார்க்கிறவர்களுக்குக் கோடு படுத்திருப்பதாகத்தான் தெரியும். படுத்திருப்பதும் குற்றம்தான், ஆனால் இறங்குவதைவிடச் சின்னக் குற்றம். தரையில் பதித்த சதுரக் கல்லில் ஒரு கல் தூரம் நகர்த்த இவ்வளவு நேரம் என்று சொல்லி அனுப்பினார். அந்த வேகத்தில் தியேட்டருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டேன். நாளை மத்தியானத்துக்குள் என்றார். அவள் அதுவரை இருக்க மாட்டாள் என்றேன். "இறக்கம் தெரியாதுங்கிறதுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு," என்றார்.

அப்படியாக என் அக்கா திரும்பிவரத் தொடங்கினாள். ரயில் தள்ளினார். தள்ளினார் என்று சொல்வது அதிகம். கைப்பிடியில் சாய்ந்து நின்றார் என்று சொல்லலாம். சக்கரம் நகர்வது கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு காவலாளிகளும் இரண்டு பக்கமும் வந்தார்கள். நான் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நேர் எதிரே, நடைகூடத்தின் மறுகோடியில் தியேட்டரின் கதவு தெரிந்தது. கதவு திறந்திருந்தது. பச்சை உடுப்பில் சர்ஜன் கையுறையோடு வாசலில் நின்றார். ஒருமுறை எங்களிடமே நடந்து வந்து, அக்காவின் கண்ணை விரித்துப் பார்த்து, "சீக்கிரம் கொண்டாங்கப்பா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அவருக்குப் பட்டை கிடையாது, அதனால் அவர் சாதாரணமாக நடந்தார். தள்ளுவது அவர் துறையும் அல்ல.

"அண்ணே, கொஞ்சம் வேகமா," என்றேன்.

"ஒரு கல்லு கூடவே தள்ளிட்டேன் தம்பி. அவங்க பாக்காதப்ப," என்றார் ரயில், உதடு அசையாமல். அவர் கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கும் வீட்டில் நாலு வாய் இருந்தது. அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஏன்டா வண்டி நிக்குது?" என்றாள் அக்கா.

"நிக்கலக்கா, போயிட்டிருக்கு."

"டிராஃபிக்கா?"

"ஆமாக்கா."

"விசில் ஊதச் சொல்லு," என்றாள். அதற்குப் பிறகு அவள் தண்ணீர் கேட்டாள், டாக்டர் கொடுக்கக் கூடாது என்றிருந்ததால் உதட்டை மட்டும் நனைத்தேன். அவள் கை ஜில்லிட்டுக்கொண்டே வந்தது. நாங்கள் எட்டாவது கல்லில் இருந்தபோது அது என் கையைப் பிடிப்பதை விட்டுவிட்டது. ஸ்கேன் அறைக் கதவைக்கூட நாங்கள் இன்னும் தாண்டவில்லை. பெண் டாக்டர் ஓடிவந்து நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, சுவரில் சாய்ந்து அழுதார்.

அதன் பிறகு அங்கே எதுவும் மெதுவாக நடக்கவில்லை. பிணவறை பின்கட்டிடத்தையும் தாண்டி, வளாகத்தின் பின்சுவரை ஒட்டி இருந்தது. அதாவது, போகிற பக்கம். யாருடைய சம்மதமும் தேவைப்படவில்லை. ரயிலை ஓடச் சொன்னார்கள். முகத்தை மூட வேண்டும், ஒரு நிமிஷம் நில்லுங்கள் என்றேன்; நிற்க முடியாமல் ஓடிக்கொண்டே அவர் போர்வையின் ஒரு முனையை எனக்கு எடுத்துக் கொடுத்தார். ஓடிக்கொண்டே நான் அவள் முகத்தை மூடினேன். பின்சுவரில் அகலமான ஒரு கேட், புதிதாக வர்ணம் அடித்து, திறந்தே இருந்தது. பிணங்களை முன்வாசலுக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருக்கக் கூடாது என்பதற்காகக் கட்டியதாம். அந்த ஆஸ்பத்திரியில் நோயாளியை வீட்டுக்கு அனுப்புவதற்கென்று யோசித்துச் செய்த ஒரே ஏற்பாடு அதுதான். எங்கள் வீடும் அந்தப் பக்கம்தான். கேட்டில் அவளை ஏற்றிய வண்டி நிற்காமல் வீடு வந்து சேர்ந்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் குளிப்பாட்டி, அவள் காக்கிச் சட்டையையே போட்டுவிட்டார்கள். டிப்போவிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் சுவரோரமாக உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"வரைபடப் பிரிவுலருந்து பேசறேன். உங்க அக்கா கோடு ரொம்ப நேரமாப் படுத்தே இருக்கு."

அப்போதுதான் பார்த்தேன். நீலப் பட்டை இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"அக்கா செத்துட்டா சார்."

"தெரியும் தம்பி. வருத்தமான விஷயம். ஆனா இன்னைக்கு இருக்குறதுலயே உயரமான கோடு அதுதான். திரைக்கு வெளிய போயிடும்போல ஏறிடுச்சு. தலைவர் வெளியாட்களைக் கூப்பிட்டுக் காட்டிட்டிருக்கார். இப்ப படுத்துட்டதால கேள்வி கேக்குறாங்க. கொஞ்சம் நகர்த்த முடியுமா?"

"இப்ப எடுக்கப் போறோம்."

"நல்லது," என்றார். பிறகு ஏதோ தோன்றி, "எந்தப் பக்கம்?" என்றார்.

எங்கள் ஊரில் அடக்கம் செய்கிற இடம் ஒன்றுதான். ஆஸ்பத்திரியின் முன்வாசல் வழியாகப் போய், அதையும் தாண்டிப் போக வேண்டும்.

"உங்க பக்கம்தான் சார்," என்றேன்.

கணினியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. படம் போட்டுப் பார்த்திருப்பார். "இறங்குமே," என்றார். "பூஜ்யத்துக்கே வந்துடும். எதிர்ப்பக்கம் தாண்டினா அதுக்கும் கீழ போகும். வேற இடம் ஏதாவது பாக்க முடியாதா? உங்க வீட்டுக்கு அந்தப் பக்கமா?"

"முடியாது சார். அக்கா திரும்பித்தான் வருவா."

"பட்டையையாவது கழட்டிடுங்களேன்."

நான் போனை வைத்துவிட்டு, அவள் சட்டைக் கையை இழுத்துப் பட்டையை மறைத்துவிட்டேன். அக்கா வேலை செய்த பஸ்ஸையே டிப்போவிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். நடுச் சீட்டுகளைக் கழற்றி அவளை அங்கே கிடத்தினோம். டிரைவர் திரும்பிப் பார்த்து, மெதுவாகவே ஓட்டட்டுமா தம்பி என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, எவ்வளவு வேகமாப் போக முடியுமோ அவ்வளவு வேகமாப் போங்க என்றேன்.